உறங்கும் இயந்திரத்துக்கு ஒரு தணல்

குன்னூர் லோகோ ஷெட்டில் நீராவி என்ஜினை நிறுத்துவது விளக்கை அணைப்பது போல ஒரு நொடி வேலை அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டிகளைப் பின்னால் நின்று தள்ளியபடி மலையேறி வந்த ‘எக்ஸ்’ வகை என்ஜினின் கொதிகலன், நெருப்பு அடங்கி வெகுநேரம் ஆன பிறகும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஒருமுறை முழுக்க ஆறிவிட்டால், மறுபடி நீராவி கட்ட மணிக்கணக்காகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஒரு தகடு முந்தி விரியும், இன்னொன்று பிந்தும். குழாய் மூட்டுகள் கசியத் தொடங்கும். ஓட்டத்தில் தேய்வது ஒரு பங்கு என்றால், சூடாகி ஆறி மறுபடி சூடாவதில் தேய்வது இன்னொரு பங்கு.

நிலக்கரி ஆண்ட காலத்தில் ரயில்வே ஷெட்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. இரவில் நெருப்பைக் கொல்வதில்லை. கரியை அடுப்புப் பெட்டியின் ஓரமாகக் குவித்து, காற்று போகும் வழியைச் சுருக்கி, விடியும்வரை கனிய விடுவார்கள். கிராமத்து வீடுகளில் தீப்பெட்டி அரிதாக இருந்த நாளில், இரவு சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் ஊதி எழுப்பினார்களே, அதே கணக்குதான். நீறு பூத்த நெருப்பு கொஞ்சம் விறகைத் தின்னும். ஆனால் அடுப்பு செத்துப் போகாது.

ஓர் இரவல்ல, வாரக்கணக்கில் என்ஜின் நிற்கப் போகிறது என்றால் முறை வேறு. ஒன்று, கொதிகலனைக் காற்றுக்கு இடமே இல்லாதபடி காரம் சேர்த்த நீரால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு சொட்டு மிச்சமின்றி வடித்து, உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்பைத் தட்டில் வைத்து, வாயை அடைத்துவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் பாதி நீரோடு விடுவதுதான் பெருங்கேடு. நீரும் காற்றும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் இரும்பில் குழி விழும்.

நீலகிரி மலை ரயிலுக்கு இந்த ஞானம் ஆடம்பரம் அல்ல. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் வந்த இந்த 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். பல் சக்கரம் பல் தண்டவாளத்தைக் கவ்வித்தான் ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் அடர்லிக்கும் ஹில்குரோவுக்கும் பக்கத்தில் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும், ரயில் நிற்கும். சில ஆண்டுகளில் நாட்கள், சில ஆண்டுகளில் மாதங்கள். 1914க்கும் 1952க்கும் இடையே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்ட என்ஜின்களும், பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் உருவான அவற்றின் தம்பிகளும், ஓடக் கற்றதைப் போலவே நிற்கவும் கற்க வேண்டியிருந்தது.

இந்தப் பழைய ஷெட்டு ஞானம் இன்று எதிர்பாராத ஓர் இடத்தில் மறுபடி தேவைப்படுகிறது. நீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்னாற்பகுப்புக் கருவிக்கும் இதே நோய்தான். ஓடும்போது அது ஆரோக்கியமாக இருக்கிறது. நிறுத்தினால் உள்ளுக்குள் தன்னையே அரித்துக்கொள்கிறது.

இதன் மூலக்கதை இருநூறு ஆண்டுக்கும் முந்தையது. 1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கு பற்றிய செய்தி லண்டனுக்கு வந்த சில வாரங்களிலேயே, வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் அதன் கம்பிகளை நீரில் வைத்து, ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்சிஜனும் குமிழிடுவதைக் கண்டார்கள். பாடப்புத்தகங்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். அதற்கடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானியர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் கவனித்ததுதான் இந்தக் கதைக்கு முக்கியம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, அதுவரை மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்த உலோகத் தகடுகள் தாமே மின்சாரம் தரத் தொடங்கின. அதுவும் எதிர்த் திசையில். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது போல. 1839இல் வில்லியம் குரோவ் இதையே ஒரு கருவியாக்கி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிளாட்டினத் தகடுகளில் சேர்த்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். இன்றைய எரிபொருள் மின்கலத்தின் பாட்டன் அது. பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்த ஈய மின்கலமும் இந்தத் திருப்பித் தரும் குணத்தில் பிறந்ததுதான். கார் பேட்டரிக்கு வரமாக வந்த அதே குணம், ஹைட்ரஜன் ஆலைக்குச் சாபம்.

பெரிய மின்னாற்பகுப்புக் கருவி என்பது நூற்றுக்கணக்கான நிக்கல் தகடுகளை இட்லித் தட்டுகள் போல அடுக்கிக் கட்டியது. ஒவ்வொரு தகடும் இரட்டை வேடம் போடும்: ஒரு முகத்தில் ஹைட்ரஜன், முதுகில் ஆக்சிஜன். இடையிடையே வாயுக்களைப் பிரிக்கும் திரை. எல்லா அறைகளுக்கும் பொதுவான குழாய்களில், 70 முதல் 90 டிகிரி சூட்டில், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த காரக் கரைசல் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் பாயும்வரை ஹைட்ரஜன் முகத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. எலக்ட்ரான்கள் வந்து குவிந்தபடி இருக்கும் உலோகம் துருப்பிடிக்காது.

சுவிட்சை அணைத்த கணத்தில் ரிட்டர் கண்ட கூத்து ஆரம்பிக்கிறது. ஒரு முகத்தில் ஹைட்ரஜன் மிச்சம், முதுகில் ஆக்சிஜனும் நிக்கல் ஆக்சைடும் மிச்சம். தகட்டின் உலோகம் எலக்ட்ரானுக்கு வழிவிடுகிறது, பொதுக் குழாயிலுள்ள கரைசல் அயனிகளுக்கு வழிவிடுகிறது. சுற்று முழுமையாகிவிட்டது. மின்சாரம் பின்னோக்கி ஓடுகிறது. மிச்ச ஹைட்ரஜன் தீர்ந்ததும், ஹைட்ரஜன் முகத்தின் நிக்கலே எரிபொருளாகி நிக்கல் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. மின்செலவைக் குறைப்பதற்காக அந்த முகத்தில் பூசியிருந்த விலையுயர்ந்த வினையூக்கிப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. ஒருமுறை நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் முறை நிறுத்தினால், அதே அளவு ஹைட்ரஜனுக்கு ஆலை முன்னைவிட அதிக மின்சாரம் கேட்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏற்கெனவே 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் முன்னோர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? சமாளிக்கவே இல்லை என்பதுதான் விடை. அவர்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஹைட்ரஜன் ஆலைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், எல்லாம் ஏதாவது ஓர் அருவிக்கோ அணைக்கோ பக்கத்தில் குடியிருக்கும். நார்வேயின் ரியூகான் பள்ளத்தாக்கில், 1911இல் திறந்தபோது உலகிலேயே பெரியதாக இருந்த வேமோர்க் நீர்மின் நிலையத்தின் முன்னால், 1920களின் இறுதியில் நோர்ஸ்க் ஹைட்ரோ கட்டிய ஆலை அவற்றில் புகழ்பெற்றது. உரத்துக்காக ஹைட்ரஜன் எடுத்த இடத்தில் துணைப்பொருளாகக் கனநீர் கிடைக்க, இரண்டாம் உலகப் போரில் நாசவேலைக் குழுக்களும் குண்டுவீச்சு விமானங்களும் தேடி வந்த ஆலை அது. எகிப்துக்கு அஸ்வான். இந்தியாவுக்கு நங்கல்.

பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பி பஞ்சாபின் நங்கலில் 1961இல் உர ஆலை எழுந்தது. நீரைப் பிளந்து ஹைட்ரஜன், அதிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து உரம். 1962இல் அதையொட்டி, ஆண்டுக்கு 14 டன் திறனுடன் இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் வந்தது. நூறு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரத்தை இரவு பகல் பாராமல் விழுங்கிய அந்தக் கருவிகளுக்கு ஓய்வு என்பதே திட்டத்தில் இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் நதி, ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரம், ஓடிக்கொண்டே இருக்கும் ஆலை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சாபின் வயல்களிலிருந்த பம்புசெட்டுகளும் இதே மின்சாரத்தைக் கேட்டன. ஆலைக்குக் கொடுப்பது குறைந்தது. பின்னாளில் எரிஎண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வழியும் அங்கே சேர்ந்துகொண்டது. அருவியை நம்பிய ஹைட்ரஜன் மெல்ல எண்ணெய்க்கும் இயற்கை வாயுவுக்கும் தோற்றது, உலகம் முழுக்க.

நீலகிரியின் அருவிகள் போன வழி வேறு. இந்த மலையில் யாரும் ஹைட்ரஜன் ஆலை கட்டவில்லை. ஆனால் நின்று நின்று ஓடுவது என்றால் என்ன என்பதை இந்த மலை அளவுக்கு அனுபவித்த இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலைக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். வெடிமருந்து செய்யும் இடத்தில் நெருப்புப்பொறி பறக்கும் என்ஜின்களைவிடக் கம்பி வழி வரும் மின்சாரம் எவ்வளவோ மேல். பெரிய அளவில் வந்தது பைக்காராதான். சென்னை மாகாண நிர்வாகத்தில் சி.பி. ராமசாமி ஐயர் உந்தித் தள்ளிய திட்டம். மின்துறையின் தலைமைப் பொறியாளர் எச்.ஜி. ஹோவர்டின் தலைமையில் வேலை நடந்து, 1932இல் மின்சாரம் பாயத் தொடங்கியது. க்ளென்மார்கனிலிருந்து அடிவாரத்துச் சிங்காரா வரை ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து நீர் எஃகுக் குழாய்களில் இறங்கி, கரண்டிக் குவளைகள் பொருத்திய பெல்டன் சக்கரங்களை அடிக்கிறது. ஆட்களும் சாமான்களும் ஏறி இறங்க மலைச்சரிவில் ‘வின்ச்’ வண்டி. இன்றும் சிங்காரா என்றாலே அந்தச் செங்குத்து வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

அந்த மின்சாரம் நேரே கோயம்புத்தூர் போயிற்று. 1930களில் அங்கே பஞ்சாலைகள் புற்றீசலாகப் பெருகியதற்குப் பைக்காரா ஒரு பெரிய காரணம். பஞ்சாலை மூன்று ஷிப்ட் ஓடும் ஜாதி. கதிர்கள் சுற்றும்வரை சிங்காராவிலும் சக்கரம் சுற்றிற்று. ஏறக்குறைய நங்கலைப் போல ஓய்வறியாத வாழ்க்கை.

1950களில் மாயாறும், 1960 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியுடன் குந்தாத் தொடரும் சேர்ந்தன. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று மலை உச்சியெங்கும் நீர்த்தேக்கங்கள். கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒரே நீரை மறுபடி மறுபடி விழவைக்கும் மின்நிலையங்கள். பின்னர் சமவெளியில் நெய்வேலியும் எண்ணூரும் தூத்துக்குடியும் அனல்மின்சாரத்தால் நிரம்ப, மலை மின்சாரத்தின் உத்தியோகம் மாறியது. அனல் நிலையத்தைச் சட்டென்று ஏற்றி இறக்க முடியாது. நீர்ச்சக்கரத்தைச் சில நிமிடங்களில் எழுப்பலாம். ஆகவே நாள் முழுக்க உழைத்த மலைச் சக்கரங்கள், மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கும் காலைக் குளியல் நேரத்துக்கும் மட்டும் கூப்பிடப்படும் அவசரக்காரர்களாக ஆயின. மற்ற நேரம் காத்திருப்பு.

காத்திருக்கும் ஜெனரேட்டருக்கு நீலகிரி மூடுபனிதான் எதிரி. ஓடும்போது செப்புச் சுருள்கள் தம் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். நின்று ஆறியதும், கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, சுருளின் மேல் ஈரம் படியும். மின்காப்புப் பூச்சு அதை உறிஞ்சும். தெரியாமல் ஓட்டினால் சுருள் புகைந்துவிடும். அதனால் ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் சிறு சூடேற்றிகள் வைத்திருப்பார்கள். இயந்திரம் ஓடும்போது அவை அணைந்திருக்கும், நின்றதும் எரியும். மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம் ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் வாங்கிச் சாப்பிடுகிறது. இது விரயம் என்று கணக்குப் பிள்ளை சொல்லலாம், பொறியாளர் சொல்ல மாட்டார். நெடுநாள் நின்றிருந்தால், ஓட்டும் முன் ‘மெக்கர்’ வைத்துக் காப்புத்தடையை அளப்பார்கள். அளவு குறைந்திருந்தால் முதலில் உலர்த்தல், பிறகுதான் ஓட்டம். நெட்டுக்குத்தாக நிற்கும் பெரிய இயந்திரங்களில் இன்னொரு சிக்கல்: டன்கணக்கான எடை ஒரே இடத்தில் அழுத்தி நிற்க, தாங்கியிலுள்ள எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அப்படியே சுழற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசும். எனவே சுழலியைச் சற்றே தூக்கி, அடியில் எண்ணெய் புகவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைகளும் இதே மலையில் இதே பாடத்தைப் படித்தன, சிறிய எழுத்தில். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால் வரத்து சுருங்கும். வாரத்தில் சில நாட்கள்தான் அரைப்பு. இலைச் சாறு காய்ந்து படிந்த உருளையை அப்படியே விட்டால் கறையும் அரிப்பும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஓட்டம் நின்றதும் கழுவித் துடைப்பது முதல் வேலை. கொழுந்து அரைக்கும் சி.டி.சி. உருளைகளைக் கழற்றிப் பல் தீட்டுவதும், பெல்ட்டும் பேரிங்கும் மாற்றுவதும் அந்த மந்த மாதங்களில்தான். இயந்திரத்துக்கு வேலை இல்லாத நாள், ஃபிட்டருக்கு வேலை அதிகமான நாள்.

இந்தப் பாடத்தின் மறுபக்கத்துக்கும் ஊட்டியிலேயே சாட்சி இருக்கிறது. தூசியற்ற குளிர்ந்த காற்றை நம்பி 1960இல் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் எக்ஸ்ரே சுருளும் புகைப்படச் சுருளும் செய்தது. 1990களில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. சந்தை செத்தால் எந்தப் பராமரிப்பும் உதவாது என்பது உண்மைதான். தற்காலிக ஓய்வு வேறு, நிரந்தர ஓய்வு வேறு. தணலை மூடி வைப்பவருக்கு மறுநாள் சமையல் உண்டு என்ற நம்பிக்கையாவது வேண்டும்.

மறுபடி ஹைட்ரஜனுக்கு. உறங்கும் உலோகத்தைச் சிறு மின்சாரத்தால் காப்பாற்றலாம் என்ற யோசனை, மின்னாற்பகுப்பு ஆலைகளுக்கு முன்பே கடலில் பிறந்துவிட்டது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் வேய்ந்த செப்புத் தகடுகள் உப்புநீரில் அரிபடுவதைத் தடுக்க, அவற்றோடு துத்தநாகத்தையும் இரும்பையும் துண்டு துண்டாக இணைத்துப் பார்த்தார். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு செம்புக்கு எலக்ட்ரான்களை ஊட்டியது. செம்பு பளபளவென்று பிழைத்தது. ஆனால் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. செம்பு கரைந்து நீரில் நஞ்சாகக் கலந்ததால்தான் அதுவரை சிப்பிகளும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. செம்பு கரைவது நின்றதும் அவை கூட்டமாக வந்து குடியேற, கப்பலின் வேகம் போயிற்று. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவியின் தத்துவம் தோற்கவில்லை. இன்று நிலத்தடி எண்ணெய்க் குழாய்கள் முதல் துறைமுகத் தூண்கள் வரை அதுதான் காக்கிறது.

ஹைட்ரஜன் ஆலைக்கும் அந்த மருந்தே. பிரதான மின்சாரம் நின்றதும், ஒரு சிறிய ரெக்டிஃபையர் விழித்துக்கொண்டு, தகடுகளுக்கு மிகச் சன்னமான மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஊட்டும். உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலைகளில், பூச்சுக்கொண்ட எதிர்மின்வாய்கள் வந்த பிறகு இந்தக் காவல் மின்னோட்டம் பழகிப்போன சமாச்சாரம். அந்தத் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மேட்டூர் அணை மின்சாரத்தை நம்பி, அணைக்குக் கீழேயே எழுந்த மேட்டூர் கெமிக்கல்ஸ் அந்த வழியில் வந்ததுதான். அங்கே ஹைட்ரஜன் துணைப்பொருள். புதிய ஆலைகளில் அதுவே மூலவர்.

காவல் மின்னோட்டம் மட்டும் போதாது. சன்னமான மின்சாரத்திலும் கொஞ்சம் வாயு பிறக்கும். திரையைக் கடந்து ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கசிவது மட்டும் பழைய வேகத்திலேயே நடக்கும். ஓட்டம் முழு வீச்சில் இருக்கும்போது பிறக்கும் ஆக்சிஜன் வெள்ளத்தில் அந்தக் கசிவு கரைந்துபோகும். ஓட்டம் சுருங்கும்போது விகிதம் ஏறும். ஆக்சிஜனில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் எல்லை வந்துவிடும் என்பதால், 2 சதவீதத்திலேயே ஆலைகளை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே நைட்ரஜனைச் செலுத்தி மிச்ச வாயுக்களை வெளியேற்றுகிறார்கள். ரிட்டரின் திருட்டு மின்சாரத்துக்குத் தீனி இல்லாமல் போகும். நீண்ட ஓய்வென்றால் கரைசலையே வடித்துவிடுவதும் உண்டு. பொதுக் குழாய் காலியானால் அயனிகளுக்கு வழி அடைபடும். குறுகிய ஓய்வென்றால் கரைசலைச் சூடாக வைத்து மெல்லச் சுற்றவிடுவார்கள். விளிம்புவரை நிரப்பு, அல்லது சொட்டில்லாமல் வடி, அல்லது தணலைக் காத்து வை: கொதிகலன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

திரைக்குப் பதில் மெல்லிய நெகிழிச் சவ்வு வைத்த ‘பெம்’ வகைக் கருவிகளுக்கு வேறு பத்தியம். அவை காரம் கேட்பதில்லை, பரிசுத்தமான நீர் கேட்கும். சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். சூரியனோடும் காற்றோடும் ஒத்துப்போகும் சுபாவம். ஆனால் சவ்வு காயவே கூடாது. நீர் தேங்கி நின்றாலும் ஆகாது. குழாய்களிலிருந்து கரையும் உலோக அயனிகள் சவ்வில் குடியேறிவிடும். ஆக்சிஜன் பக்கத்து வினையூக்கி இரிடியம் என்ற அரிய உலோகத்தின் ஆக்சைடு. ஓய்வில் சவ்வைத் தாண்டி வரும் ஹைட்ரஜன் அதை உலோகமாக்கும், மறுபடி கிளப்பும்போது அது ஆக்சைடாகும். இந்த உருமாற்றத்தில் ஒவ்வொரு முறையும் துளித்துளியாகக் கரையும்.

நங்கல் தலைமுறைக்கு வராத இந்தத் தலைவலி இப்போது வருவதற்குக் காரணம் சூரியனும் காற்றும். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 19,744 கோடி ரூபாய்; 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு. சூரியன் தினமும் மாலையில் கடையைச் சாத்தும். ஆரல்வாய்மொழியிலும் உடுமலையிலும் காற்று, மே தொடங்கிச் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு பிச்சைக்காரனாகிவிடும். அதை நம்பும் கருவி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை உறங்கி எழ வேண்டும். இதுவரை ஹைட்ரஜனின் விலையைப் பேசியவர்கள் மின்கட்டணத்தையும் கருவியின் விலையையும் பேசிய அளவுக்கு இந்த உறக்கத்தின் செலவைப் பேசியதில்லை.

நீலகிரியின் பெயர் இதில் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. 35 ஹைட்ரஜன் ரயில்களைப் பாரம்பரிய, மலைப் பாதைகளில் ஓட்டும் எண்ணத்தை ரயில்வே 2023இல் அறிவித்தபோது, ஒரு ரயிலுக்கு 80 கோடி, பாதைக்குப் பாதை தரைக் கட்டமைப்புக்கு 70 கோடி என்று கணக்கு வந்தது. டார்ஜீலிங், கால்கா-சிம்லா, மாத்தேரான் ஆகியவற்றோடு பேசப்பட்ட பாதைகளில் நீலகிரி மலை ரயிலும் ஒன்று. சோதனை ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஹரியானாவின் ஜிந்த்-சோனிபட் சமவெளிப் பாதை. பெட்டிகள் உருவானது சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில். ஜிந்தில் ஹைட்ரஜன் எடுக்க ஒரு மெகாவாட் பெம் கருவி. பல் தண்டவாளத்தில் ஹைட்ரஜன் ரயில் ஏறுமா, ஏற வேண்டுமா என்பது தனி வழக்கு. நீராவிப் புகைக்காகவே வரும் பயணிகளைக் கேட்டால் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏறினால், பள்ளத்தாக்கில் எங்கோ ஒரு மின்னாற்பகுப்புக் கருவி வந்தாக வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் ஜனவரி விடியல்களில் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு. காரக் கரைசலுக்கு இந்தக் குளிர் கொசுக்கடி. முப்பது சதவீதக் கரைசல் உறைய மைனஸ் ஐம்பதைத் தாண்ட வேண்டும். பெம் கருவியின் தூய நீர் அப்படியல்ல. உறைந்து விரிந்தால் சவ்வு கிழியும். தேயிலைக்காரர்கள் இளஞ்செடிகளை மூடி வைத்து, வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பது போல, இந்தக் கருவிக்கும் இரவெல்லாம் சூடும் நீரோட்டமும் தர வேண்டியிருக்கும். ஈரப்பதமோ பஞ்சமில்லாத ஊர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

மின்சாரத்துக்கும் வழி அருகிலேயே தோண்டப்பட்டு வருகிறது. போர்த்திமந்து நீர்த்தேக்கம் மேலே, அவலாஞ்சி-எமரால்டு கீழே. இரண்டுக்கும் நடுவே 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களோடு குந்தா நீரேற்று மின்நிலையம். மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, பற்றாக்குறையில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு. ஒரு நாளில் இரு திசையிலும் சுழன்று நிற்கும் இயந்திரங்கள் அவை. சும்மா நிற்கும் நேரம் பைக்காராவின் பழைய சக்கரங்களைவிடக் குறைவு, நின்று கிளம்பும் தடவைகள் அதிகம். இரவில் உறங்கும் ஹைட்ரஜன் கருவிக்குத் தேவைப்படும் சன்ன மின்னோட்டம், சூடேற்றி, பம்பு எல்லாம் சேர்ந்தாலும் அந்த 500 மெகாவாட்டில் உள்ளங்கைத் தண்ணீர்.

ஐப்பசி அடைமழையில் ரன்னிமேட்டருகே மண் சரிந்து பாதை மூடப்பட்டால், குன்னூர் ஷெட்டில் இன்று நடப்பது கொதிகலனை வடிப்பதும் பதிவேட்டில் குறிப்பதும். ஹைட்ரஜன் வந்த பிறகும் மழை நிற்கப் போவதில்லை. அப்போது அந்தப் பதிவேட்டில் வேறு பத்திகள் இருக்கும்: நைட்ரஜன் அழுத்தம், அறை வெப்பநிலை, நீரின் தூய்மை, அடுக்கு ஒவ்வொன்றுக்கும் போகும் காவல் மின்னோட்டம். இரவு ஷிப்டுக்காரர் இரண்டு மணிக்கு எழுந்துபோய் அந்த எண்களைப் பார்த்து எழுதிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.